ஒரு கவரைக்கூடக் குனிந்து எடுக்காமல் கடமையாற்றுவது எப்படி?

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டார முதலாளிகளுக்கு ஒன்பது பாடங்கள்

ஓசூர் சிப்காட்டில் எந்தக் கம்பெனிக்குள் போனாலும் தராசு இல்லாத மூலை இருக்காது. உள்ளே வரும் இரும்புக்கு எடை மேடை. லேத்தில் சுருண்டு விழும் துருவலுக்குத் தனி மூட்டை, தனிக் கணக்கு, தனி டெண்டர். பித்தளைத் துருவல் என்றால் செக்யூரிட்டியே பக்கத்தில் வந்து நிற்பார். கேன்டீனில் மிச்சமான சோற்றைக்கூட விடுவதில்லை. "நேற்று வீணான உணவு இத்தனை கிலோ" என்று பலகையில் எழுதிவைத்து, சாப்பிட வருகிறவர்களைத் தலைகுனிய வைப்பார்கள்.

எடை போட்டு வாங்கிய பிறகு, எடையே இல்லாததுபோல் மறைந்துவிடும் பொருள் ஒன்றே ஒன்றுதான்: சரக்கைச் சுற்றி அனுப்பும் பிளாஸ்டிக். பாகத்துக்கு ஒரு கவர், அதன்மேல் பபிள் ஷீட், பெட்டிக்குப் பட்டை, பேலட் முழுவதற்கும் ஏழெட்டுச் சுற்று ஸ்ட்ரெச் ஃபிலிம். லாரி கேட்டைத் தாண்டியதும் அதை நாம் மறந்துவிடுவோம். கல்யாணம் முடிந்த மறுநாள் வாழைமரத்தை யார் நினைக்கிறார்கள்?

அந்த நிம்மதியில் மண்ணைப் போட்டது 2022 பிப்ரவரி 16 தேதியிட்ட மத்திய அரசிதழ். 2016-ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளோடு அன்று ஒரு வழிகாட்டு நெறிமுறை வந்து சேர்ந்தது. அதன் சாரம் ஒரு வரிதான். பிளாஸ்டிக்கில் சுற்றி விற்றவர், அதற்கு ஈடான கழிவைத் திரட்டி மறுசுழற்சிக்குக் கொண்டுசேர்க்க வேண்டும். இதன் முழுப்பெயர் 'விரிவாக்கப்பட்ட உற்பத்தியாளர் பொறுப்பு'. சொல்லி முடிப்பதற்குள் ஷிப்டு மாறிவிடும் என்பதால் எல்லோரும் ஈபிஆர் என்கிறார்கள். சுவீடனில் தாமஸ் லிண்ட்குவிஸ்ட் என்பவர் 1990-இல் இந்தப் பெயரை வைத்தார். 1991-இல் ஜெர்மனி பேக்கிங் கழிவுக்கு இதைச் சட்டமாக்கியது. நம் தெருவில் அதற்கு வெகுகாலம் முன்பே ஒருவர் சைக்கிளில் வந்து, உடைந்த வாளியை வாங்கிக்கொண்டு பேரீச்சம்பழம் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார். அவரிடம் போர்ட்டல் இல்லாததால் அது கணக்கில் வரவில்லை.

சட்டத்தைக் கண்டு யாரும் மிரள வேண்டாம். கீழே உள்ள பாடங்களை வரிசையாகப் பின்பற்றினால் முதுகு வளையாமல் கடமையை முடித்துவிடலாம். இதில் வரும் விதிகள் எல்லாம் உண்மை. அறிவுரைகளுக்கு மட்டும் நான் பொறுப்பில்லை.

முதல் பாடம்: "அது நான் இல்லை" என்று சொல்லப் பழகுங்கள்

சட்டம் முக்கியமாகத் தேடுவது தயாரிப்பாளர், இறக்குமதியாளர், பிராண்டு உரிமையாளர் ஆகிய மூவரை. மூவருக்கும் சேர்த்து, ஈபிஆர் பதிவுக்கான போர்ட்டலில் 'பிபோ' என்று செல்லப்பெயர் வைத்திருக்கிறார்கள். நாம் பிபோ இல்லை என்று நிறுவுவதே முதல் வேலை.

நீங்கள் ஒரு பெரிய கம்பெனிக்காக, அவர்கள் பெயரிலேயே பொருள் செய்து பொட்டலம் கட்டிக் கொடுப்பவர் என்று வைத்துக்கொள்வோம். யாராவது கேட்டால், "பிராண்டு அவங்களுது சார், நாங்க வெறும் ஜாப் ஒர்க்" என்று சொல்லுங்கள். பெரிய கம்பெனியில் போய்க் கேட்டால், "கவர் வாங்கினது வெண்டர்" என்பார்கள். கவர் கம்பெனியில் கேட்டால், "நான் ரோலாத்தான் குடுத்தேன், சுத்துனது அவரு" என்பார்கள். இப்படி மூன்று பேரும் ஒருவரை ஒருவர் காட்டிக்கொண்டு நிற்கும் வரை எந்தக் கவருக்கும் தகப்பன் கிடையாது.

இதில் ஒரே இடைஞ்சல் விதியில் இருக்கும் விளக்கக் குறிப்பு. 2016 விதியிலேயே, பொருளைப் பொதிய பிளாஸ்டிக் ஷீட்டைப் பயன்படுத்தும் தொழிற்சாலையும் தயாரிப்பாளர் கணக்கில்தான் வந்தது. 2024 மார்ச் திருத்தத்தில், பிராண்டு உரிமையாளருக்காக ஒப்பந்தத்தின் பேரில் பிளாஸ்டிக் பேக்கிங்கோடு பொருள் செய்து கொடுப்பவரைத் தனியாகவே குறிப்பிட்டுவிட்டார்கள். ஆகையால் அந்தப் பக்கத்தைத் திருப்பாமல் இருப்பது உடம்புக்கு நல்லது.

இன்னொரு வழி, சின்னவராகவே இருந்துவிடுவது. குறு, சிறு நிறுவனங்களாக இருக்கும் பிராண்டு உரிமையாளர்களை நெறிமுறை விட்டுவிட்டது. 2025 ஏப்ரல் 1 முதல் 25 கோடி ரூபாய்வரை முதலீடும் 100 கோடிவரை விற்றுமுதலும் உள்ள நிறுவனம் 'சிறு' நிறுவனம். 100 கோடியை நெருங்கும்போது மச்சான் பெயரில் இன்னொரு ஜிஎஸ்டி எண் வாங்கலாம் என்று சிலருக்குத் தோன்றும். கவனம்: ஒரே பான் எண்ணுக்குக் கீழே எத்தனை ஜிஎஸ்டி எண் இருந்தாலும் எல்லாம் ஒரே நிறுவனம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். எனவே பான் எண்ணும் மச்சானுடையதாகவே இருக்கட்டும். பிறகு கம்பெனியும் மச்சானுடையதாகிவிட்டால் அது சுற்றுச்சூழல் பிரச்சினை இல்லை, சிவில் வழக்கு.

இரண்டாம் பாடம்: மூன்றாவது மாநிலத்தை ஜாக்கிரதையாகக் கையாளுங்கள்

ஒன்று அல்லது இரண்டு மாநிலங்களில் விற்பவர் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். இரண்டுக்கு மேல் போனால் தில்லியில் இருக்கும் மத்திய வாரியம். திருச்சிக்காரருக்கு இது சட்டத்தில் ஒரு வரி. நமக்கோ குடும்பப் பிரச்சினை.

ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அது கர்நாடகம். வேப்பனப்பள்ளிப் பக்கம் கொஞ்சம் நகர்ந்தால் ஆந்திரம். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், ஆபீஸில் தமிழ் என்று ஒரே நாளில் மூன்று மொழியிலும் கடன் சொல்லக்கூடிய ஊர் இது. இங்கே ஒருவர் ஓசூரிலும் பெங்களூரிலும் மட்டும் சரக்கு விற்கிறார். இரண்டு மாநிலம், ஃபைல் மாநில வாரியத்தில் நிம்மதியாக இருக்கிறது. அப்போது குப்பத்தில் கடை வைத்திருக்கும் சித்தப்பா மகன் போன் செய்கிறான்: "அண்ணா, நம்ம சரக்குல ஒரு இருபது பெட்டி அனுப்புண்ணா."

அந்த இருபது பெட்டியோடு உங்கள் பதிவும் மாநில வாரியத்தின் கிண்டி அலுவலகத்திலிருந்து கிளம்பித் தில்லிக்குப் போய்விடும். பாசத்துக்கு இவ்வளவு பெரிய விலை கொடுக்க முடியாது. அவனையே பஸ் ஏறி ஓசூருக்கு வந்து, ரொக்கம் கொடுத்து வாங்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள். சரக்கு எல்லை தாண்டவில்லை, சித்தப்பா மகன்தான் தாண்டினான். அவனுக்கு ஈபிஆர் கிடையாது.

மூன்றாம் பாடம்: வகை பிரிப்பதை ஜோசியரிடம் விடாதீர்கள்

நெறிமுறை பிளாஸ்டிக் பேக்கிங்கை வகை வகையாகப் பிரிக்கிறது. டப்பா, பாட்டில், வாளி போன்ற கெட்டியானவை முதல் வகை. கவர், ஷீட், பாக்கெட் போன்ற மெல்லியவை இரண்டாம் வகை. இதில் எத்தனை அடுக்கு இருந்தாலும் எல்லாம் பிளாஸ்டிக்காகவே இருக்க வேண்டும். ஓர் அடுக்காவது பிளாஸ்டிக், ஓர் அடுக்காவது வேறு பொருள் என்றால் அது மூன்றாம் வகை. மக்கும் பிளாஸ்டிக் நான்காவது.

காகிதத்தில் தெளிவாகத்தான் இருக்கிறது. கிருஷ்ணகிரி மாங்கூழ்த் தொழிற்சாலைக்குள் போனால்தான் சிக்கல் தெரியும். சீசனில் டிராக்டர் டிராக்டராக வந்து இறங்கும் பெங்களூரா மாம்பழம் கூழாகி, கிருமி நீக்கிய பைக்குள் இறங்குகிறது. அந்தப் பை பெரிய ட்ரம்முக்குள் உட்காருகிறது. பை வெள்ளிபோல் மின்னும். அந்த மினுமினுப்பு தனி அடுக்கா, வெறும் பூச்சா? அடுக்கு என்றால் மூன்றாம் வகை, பூச்சு என்றால் இரண்டாம் வகை என்று சொல்லிப் பார்க்கலாம். பர்ச்சேஸ் மேனேஜர் நகத்தால் சுரண்டிப் பார்ப்பார். குவாலிட்டிக்காரர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். கடைசியில் முதலாளி, "எதுல டார்கெட் கம்மியோ அதுல போடு" என்பார். பொருளின் தன்மையிலிருந்து இலக்கை அறிவது பழைய முறை. நம் முறையில் இலக்கிலிருந்து பொருளின் தன்மையை அறியலாம்.

ரோஜாக்காரர்களுக்கும் இதே பாடம்தான். பாகலூர், பேரிகை, தளிப் பக்கத்துப் பசுமைக்குடில்களிலிருந்து பிப்ரவரி 14-ஐக் குறிவைத்துப் புறப்படும் பூங்கொத்துக்கு ஒரு கண்ணாடிக் கவர் சட்டை. பூ நாலு நாளில் வாடிவிடும். காதல் எத்தனை நாளோ, அது அவரவர் அதிர்ஷ்டம். மூன்றிலும் நீடித்து நிற்பது கவர் மட்டும்தான்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்று அட்டைப்பெட்டிக்கும் தகர டின்னுக்கும் மாறிவிடலாமா என்று யோசிப்பவர்களுக்கு ஒரு சேதி. காகிதம், கண்ணாடி, உலோகப் பேக்கிங்குக்கும் இதே பொறுப்பைக் கொண்டுவர 2024 டிசம்பரில் மத்திய அரசு வரைவு விதிகளை வெளியிட்டது. மிச்சம் இருப்பது வாழையிலை.

நான்காம் பாடம்: கணக்கைப் போடுங்கள், எடையைப் போடாதீர்கள்

தயாரிப்பாளரின் பொறுப்பை அளக்க ஒரு சூத்திரம் இருக்கிறது. கடந்த இரண்டு நிதியாண்டுகளில் விற்ற பிளாஸ்டிக் பேக்கிங்கின் சராசரி எடையை எடுத்துக்கொள்ள வேண்டும். வாடிக்கையாளரிடம் போவதற்கு முன்பே கிழிந்தும் கழிந்தும் போனதன் சராசரியை அதோடு கூட்ட வேண்டும். பிராண்டு உரிமையாளருக்குக் கொடுத்து, அவர் கணக்கில் ஏறிவிட்டதைக் கழிக்க வேண்டும்.

இந்தக் கூட்டலும் கழித்தலும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கே வரும். எண்கள்தான் யாரிடமும் இருக்காது. ஸ்டோர்ஸில் கேட்டால் பில்லில் கிலோ இருக்கிறது என்பார்கள். டெஸ்பேட்ச்சில் கேட்டால், "பேலட்டுக்கு எவ்வளவு சுத்துறதுன்னு இருக்கா சார்? பையன் கைக்கு வர்றதுதான்" என்பார்கள். பேக்கிங் அறையில் கிழிந்த கவரைக் கேட்டால், ஹவுஸ்கீப்பிங் அக்கா சாயங்காலமே கூட்டிக்கொண்டு போய்விட்டார் என்பார்கள்.

இந்தக் கட்டத்தில் தராசை எடுத்தால் கெட்டது குடி. உண்மையான எண் ஒன்று கிடைத்துவிட்டால் அதை ஒவ்வோர் ஆண்டும் விளக்க வேண்டியிருக்கும். அதற்குப் பதில் போன ஆண்டின் ரிட்டர்னைத் திறந்து, கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும் மாற்றுங்கள். பின்னத்தில் முடிந்தால் நம்பிக்கை கூடும். 40 டன் என்றால் சந்தேகம் வரும், 41.37 டன் என்றால் யாரோ உட்கார்ந்து அளந்திருக்கிறார்கள் என்று தோன்றும்.

ஆண்டு ரிட்டர்னுக்குக் கடைசி நாள் ஜூன் 30. இந்தக் கடைசி நாளுக்கு நீண்டுகொடுக்கும் சுபாவம் உண்டு. ஆகவே ஜூன் 29 அன்று வேலையைத் தொடங்கி, "சர்வர் பிசி" என்று வந்ததும் திருப்தியோடு வீட்டுக்குப் போகலாம்.

ஐந்தாம் பாடம்: டன்னை விலைக்கு வாங்குங்கள்

2021-22 ஆண்டுக்குப் பொறுப்பில் 25 சதவீதம், 2022-23-க்கு 70, 2023-24 முதல் முழுவதும் என்பது நெறிமுறை வைத்த இலக்கு. நெறிமுறை வெளியான நாளில் முதல் இலக்குக்குரிய ஆண்டு முடிய 43 நாள் பாக்கி இருந்தது. 43 நாளில் இந்தியா முழுக்கக் குப்பை பொறுக்கும் ஏற்பாட்டை யாராலும் செய்ய முடியாது. ஆனால் ஒரு கன்சல்டன்ட்டைப் பிடித்துவிட முடியும்.

மறுசுழற்சி செய்பவர் தாம் உருக்கிய எடைக்குச் சான்றிதழ் உருவாக்கலாம். பிபோ அதை வாங்கித் தன் கணக்கில் வைக்கலாம். இதெல்லாம் சட்டப்படி சரிதான். அந்தப் பேச்சு எப்படி நடக்கும் என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

"சார், உங்களுக்கு எத்தனை டன் வேணும்?"

"முப்பது இருந்தா போதும். எங்க கவரைத்தானே எடுப்பாங்க?"

"சார், கவர்ல பேரா எழுதியிருக்கு? டன்னுன்னா டன்னுதான்."

"எந்த ஊர்ல எடுக்குறாங்க?"

"அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு சார்? திங்கக்கிழமை வாலட்ல ஏறிடும்."

திங்கட்கிழமை ஏறியும்விடும். உங்கள் கவர் சூளகிரிப் பக்கம் ஏதோ ஓர் ஏரிக்கரையில் கிடக்கும்; வேறு மாநிலத்தில் யாரோ உருக்கிய டன் உங்கள் பெயரில் புண்ணியமாகச் சேரும். காசிக்குப் போக முடியாதவர், போகிறவரிடம் காசு கொடுத்துத் தன் பெயருக்கும் ஒரு முழுக்குப் போடச் சொல்வதைப் போல.

போகிறவர் உண்மையில் காசிக்குப் போனாரா என்பது தனிக் கேள்வி. 2023-இல் மத்திய வாரியம் நடத்திய தணிக்கையில் ஏறத்தாழ 6 லட்சம் போலிச் சான்றிதழ்கள் வெளிப்பட்டன. யாரும் பொறுக்காத, யாரும் உருக்காத பிளாஸ்டிக்குக்கு டன் கணக்கில் சான்று. கன்சல்டன்ட்டிடம் இதைப் பற்றிக் கேட்கலாம். "அது வேற கம்பெனி சார்" என்று பதில் வரும். முதல் பாடத்தை அவரும் படித்திருக்கிறார்.

சேகரித்ததை எல்லாம் எரித்துவிட முடியாதபடி இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. 2024-25-இல் கெட்டி வகையில் குறைந்தது 50 சதவீதமும், மெல்லிய வகையிலும் பல அடுக்கு வகையிலும் 30 சதவீதமும் மறுசுழற்சிக்குப் போயாக வேண்டும். 2027-28-இல் இது முறையே 80, 60, 60 ஆகிறது. மறுசுழற்சிக்கு ஆகாதது சிமென்ட் சூளைக்கோ சாலைக்கோ போகலாம். பிளாஸ்டிக்கைத் தாரோடு சேர்த்துச் சாலை போடும் முறையை உருவாக்கியவர் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் ஆர். வாசுதேவன், 2018-இல் பத்மஸ்ரீ பெற்றவர். உங்கள் ஸ்ட்ரெச் ஃபிலிம் ஏற்கெனவே சாலையில்தான் கிடக்கிறது என்று நீங்கள் வாதாடலாம். சாலையின் மேலே கிடப்பதற்கும் உள்ளே கிடப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை வாரியம் பிடித்துவிடும்.

ஆறாம் பாடம்: அபராதத்தைச் சீட்டுப் பணமாகக் கருதுங்கள்

இலக்கை எட்டாவிட்டால் சுற்றுச்சூழல் இழப்பீடு கட்ட வேண்டும். கட்டினாலும் பொறுப்பு தீராது. மூன்று ஆண்டுவரை பின்னாலேயே வரும். ஆனால் ஓராண்டுக்குள் பாக்கியை முடித்துவிட்டால் கட்டியதில் 75 சதவீதம் திரும்பக் கிடைக்கும். இரண்டாண்டுக்குள் என்றால் 60, மூன்றாண்டுக்குள் என்றால் 40. கேட்டதும் நம் ஆட்களுக்கு மனம் லேசாகிவிடும். ஏலச்சீட்டில் தள்ளு போகாமலா எடுக்கிறோம்?

சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தை மீறினால் முன்பு ஐந்தாண்டுவரை சிறை என்று இருந்தது. 2023-இல் கொண்டுவந்த திருத்தம் 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிறகு, அது 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம்வரை தண்டத்தொகையாக மாறிவிட்டது. ஆகவே இனிமேல் இதை வக்கீல் பார்க்க வேண்டியதில்லை. அக்கவுன்ட்டன்ட் பார்த்தால் போதும்.

ஏழாம் பாடம்: படிக்க முடியாத இடத்தில் அச்சடியுங்கள்

2025 ஜூலை 1 முதல் பேக்கிங் பற்றிய விவரத்தை பார்கோடாகவோ கியூஆர் கோடாகவோ தனி எண்ணாகவோ தகவல் குறிப்பேட்டிலோ தர வழி செய்திருக்கிறார்கள். ஏதாவது ஒரு கோடைக் கவரில் அச்சடித்து, மடிப்பு வரும் இடத்தில் வைத்துவிட்டால் விதியும் நிறைவேறும், ரகசியமும் காப்பாற்றப்படும்.

2025-26 முதல் கெட்டி வகைப் பேக்கிங்கில் 30 சதவீதம் மறுசுழற்சிப் பிளாஸ்டிக் கலந்திருக்க வேண்டும்; 2028-29-இல் அது 60 ஆகும். இதில் நம் வீடுகளுக்கு நல்ல அனுபவம் இருக்கிறது. இன்றைய சாம்பாரில் நேற்றைய சாம்பார் எத்தனை சதவீதம் என்பது சமைத்தவருக்கு மட்டும்தான் தெரியும்.

எட்டாம் பாடம்: ஜூன் 5 அன்று மட்டும் தீவிரமாக இருங்கள்

ஆண்டுக்கு ஒரு நாள் போதும். சுற்றுச்சூழல் தினத்தன்று கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஃபிளெக்ஸ் பேனர். அதில் பூமிக்கு இரண்டு கை முளைத்து, அது தன்னைத்தானே கும்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும். பொது மேலாளர் மரக்கன்று நடுவார். கன்றைக் கறுப்புப் பாலித்தீன் பையிலிருந்து உருவி, பையைப் பின்பக்கம் வீசிவிட்டு போட்டோவுக்கு நிமிர்வார். பிறகு எல்லோருக்கும் மஞ்சப்பை. 2021 டிசம்பர் 23 அன்று தமிழக அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கிய பிறகு இது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. பை அழுக்காகக் கூடாது என்று ஒவ்வொன்றையும் ஒரு கவரில் போட்டுக் கொடுப்பது கூடுதல் மரியாதை.

கடைத்தெருவிலும் பேசிக்கொள்ள விஷயம் உண்டு. கர்நாடகம் 2016 மார்ச்சிலேயே பிளாஸ்டிக் கேரி பேக்கைத் தடை செய்தது. தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களைத் தடை செய்தது. எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கமும் தடை, அந்தப் பக்கமும் தடை. பூக்காரம்மா எதில் போட்டுக் கொடுக்கிறார் என்பதை மட்டும் கேட்காதீர்கள். நாம் பிடிக்க வேண்டியது அவரைத்தான் என்று யாராவது சொன்னால் பலமாகத் தலையாட்டுங்கள். அவர் கையில் இருக்கும் நூறு கவரைப் பற்றிப் பேசும்வரை நம் பேலட்டைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

ஒன்பதாம் பாடம்: ஆற்றைக் காட்டுங்கள்

இத்தனைக்குப் பிறகும் யாராவது விடாமல் கேட்டால், அவரைக் கெலவரப்பள்ளி அணைக்கு அழைத்துப் போங்கள். நந்தி மலையில் பிறந்து, பெங்களூரின் சாக்கடையையும் வாங்கிக்கொண்டு, ஓசூருக்குள் நுழையும் தென்பெண்ணை அங்கே வெள்ளை நுரையாகப் பொங்கி நிற்கும் நாட்கள் உண்டு. "பார்த்தீங்களா? நம்மளத்தான் கேக்குறீங்க. அவங்கள யாரு கேக்குறது?" என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். நம் லாரி எல்லை தாண்ட ஈ-வே பில் வேண்டும். நுரைக்கு எதுவும் வேண்டாம். கேட்டவர் வாயடைத்துப்போவார்.

இந்தப் பாடத்தில் பொய் ஒன்றும் இல்லை, அதுதான் இதன் பலம். பலவீனம் ஒன்று உண்டு. அந்த நுரைக்கு நடுவே கரையோரம் ஒதுங்கியிருக்கும் கவர்களைக் கொஞ்சம் கவனித்துப் பார்த்தால், எல்லாவற்றிலும் கன்னடம் எழுதியிருக்காது. ஆகவே சீக்கிரம் காருக்குத் திரும்பிவிடுங்கள்.

பாடங்கள் முடிந்தன. இவற்றைப் பின்பற்றினால் போர்ட்டலில் உங்கள் கணக்கு பச்சையாக இருக்கும். இனி நான் சொல்லப்போவது கையேட்டில் சேராது. விருப்பம் இருந்தால் வாசியுங்கள்.

2016 விதிகளில் குப்பை சேகரிப்போருக்கு ஒரு விளக்கம் கொடுத்திருக்கிறார்கள். மறுசுழற்சிக்கு ஆகும் பிளாஸ்டிக்கைப் பொறுக்கும் வேலையில் 'தன்னார்வமாக' ஈடுபட்டவர்கள், அல்லது அனுமதி பெற்றவர்கள் என்று அது சொல்கிறது. தன்னார்வம்! விடிவதற்கு முன்பே தோளில் சாக்கோடு நெடுஞ்சாலை ஓரம் குனிந்து நடக்கும் அந்தப் பெண்ணுக்கு அது ஆர்வம் என்று சட்டம் நினைத்துக்கொண்டிருக்கிறது. அவர் தண்ணீர் பாட்டிலை எடுப்பார், பால் கவரை எடுப்பார். சிப்ஸ் பாக்கெட்டை விட்டுவிடுவார், ஏனென்றால் காயலான் கடையில் அதை வாங்க மாட்டார்கள். எந்த வகை மறுசுழற்சிக்கு ஆகும், எது ஆகாது என்பதை நெறிமுறையின் வகைப் பட்டியல் இல்லாமலே அவர் கை சொல்லிவிடும். உங்கள் சான்றிதழில் இருக்கும் டன் உண்மையானதாக இருந்தால், அதன் முதல் கிலோவைக் குனிந்து எடுத்தது இப்படி ஒருவர்தான். போர்ட்டலில் அவருக்கு ஒரு கட்டம்கூட இல்லை.

திருப்பி எடுப்பது நடக்காத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். 2022 மே மாதம் நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் முறையைத் தொடங்கினார்கள். பிறகு அது மற்ற மாவட்டங்களுக்கும் போனது. பத்து ரூபாய் இருக்கிறது என்றால், தள்ளாடிக்கொண்டு வருகிறவருக்கும் பாட்டில் நினைவுக்கு வருகிறது. அவ்வளவு ஏன், நம் சிப்காட்டிலேயே வண்டிக் கம்பெனிக்கும் வெண்டருக்கும் நடுவே பிளாஸ்டிக் பின்களும் ட்ராலிகளும் போய்ப் போய்த் திரும்பி வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஒரு பின் காணாமல் போனால் இரண்டு கம்பெனிக்கும் நடுவே இருபது மெயில் பறக்கும். யாரும் அதற்கு ஈபிஆர் என்று பெயர் வைக்கவில்லை. பின்னுக்கு விலை இருக்கிறது, அதனால் திரும்புகிறது. கவருக்கு விலை இல்லை என்று நாம் முடிவு செய்துவிட்டோம், அதனால் திரும்புவதில்லை.

எனவே, கன்சல்டன்ட்டுக்கு அடுத்த செக் எழுதும் முன் ஒரு வேலை செய்யுங்கள். துருவலுக்கு வைத்திருக்கும் அதே தராசை ஒரே ஒரு நாள் டெஸ்பேட்ச் பகுதிக்குத் தள்ளிக்கொண்டு வாருங்கள். அன்று வெளியே போகும் கவர், பபிள் ஷீட், ஸ்ட்ரெச் ஃபிலிம், பட்டை எல்லாவற்றையும் வகை வகையாக எடை போட்டு, கேன்டீன் பலகைக்குப் பக்கத்தில் எழுதி மாட்டுங்கள். கீழே பெயர் வேண்டாம், கையெழுத்து வேண்டாம். எடை மட்டும் இருக்கட்டும். சோற்றை வீணாக்கியவரைத் தலைகுனிய வைத்த பலகைதானே அது. ஒரு நாள் நாமும் அதன் முன்னால் நின்று பார்ப்போம்.